வளாகம் போகும் மகளுக்கு ஒரு புத்தகம்

உயர்தரப் பெறுபேறு வந்து, இஸட் புள்ளி பார்த்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகி, "மகளுக்குக் கெம்பஸ் கிடைச்சிட்டு" என்ற செய்தி வந்ததும் எமது வீடுகளில் என்ன நடக்கும் என்பது எல்லா உம்மாமாருக்கும் தெரியும். முதலில் சுக்ர் செய்வோம். அயல் வீடுகளுக்கு இனிப்புப் பண்டம் போகும். பிறகு ஒரு பட்டியல் எழுதப்படும். பெரிய பை ஒன்று, புதிய ஹபாயா இரண்டு மூன்று, வாளி, கோப்பை, தலையணை உறை, கையடக்கத் தொலைபேசிக்கு ரீலோட். கல்முனைக் கடைத் தெருவில் இரண்டு நாள் அலைந்து அத்தனையையும் வாங்கிவிடுவோம்.

அந்தப் பட்டியலில் ஒரு புத்தகம் இருந்ததை நான் கண்டதில்லை. "இனிமேல்தானே படிக்கப் போறா, அங்க போய்ப் படிக்கட்டும்" என்பார்கள். பாடப் புத்தகம் அங்கே கிடைக்கும், உண்மைதான். நான் கேட்பது பாடத்துக்கு அப்பாற்பட்ட ஒரு புத்தகத்தை. மகளோடு சேர்ந்து அதே வளாகத்துக்குப் போகின்ற அத்தனை பிள்ளைகளும் முன்கூட்டியே வாசித்துவிட்டு வருகின்ற ஒரே புத்தகம்.

இப்படியும் ஒரு ஏற்பாடு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அதைப் பற்றியும், அது எமது பிள்ளைகளுக்கு ஏன் அவசியம் என்பதைப் பற்றியும் சகோதரிகளோடு சில விடயங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரே புத்தகம், எல்லோருக்கும்

1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் நான்சி பேர்ல் என்ற பெண் நூலகர், நகரத்து மக்கள் அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே புத்தகத்தை வாசித்தால் எப்படியிருக்கும் என்ற யோசனையைச் செயலில் காட்டினார். கடைக்காரரும் ஆசிரியரும் இல்லத்தரசியும் ஒரே கதையைப் படித்தார்கள், கூடியிருந்து பேசினார்கள். பல நகரங்கள் அதைப் பின்பற்றின. 2001இல் சிக்காகோ நகரமும் அவ்வாறு ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்து வாசித்தது.

பல்கலைக்கழகங்களிலும் இந்த முறை உண்டு. அனுமதி கிடைத்த பிள்ளைக்கும் முதல் விரிவுரைக்கும் இடையே சில மாத விடுமுறை இருக்கும். அந்த இடைவெளியில் வாசிக்க ஒரு புத்தகத்தின் பெயரைப் பல்கலைக்கழகம் அறிவிக்கும். பிள்ளைகள் வீட்டிலிருந்தே வாசிப்பார்கள். வளாகத்துக்கு வந்த ஆரம்ப நாட்களில் சிறு சிறு குழுக்களாக அமர்ந்து அதைப் பற்றிப் பேசுவார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு விரிவுரையாளரோ உத்தியோகத்தரோ இருப்பார். பரீட்சையில்லை, புள்ளியில்லை. விஞ்ஞானம் படிக்க வந்தவரும் கலை படிக்க வந்தவரும், பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும், ஒருவரையொருவர் அறியாதிருந்தாலும் பேசுவதற்குப் பொதுவான ஒரு விடயம் அவர்கள் கையில் இருக்கும். அதுதான் இதன் நோக்கம்.

2002இல் நடந்தது

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சப்பல் ஹில் என்ற ஊரில் ஒரு பழைமையான அரச பல்கலைக்கழகம் இருக்கிறது. 1999 முதல் அங்கே புதிய மாணவருக்கான கோடைகால வாசிப்புத் திட்டம் நடந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அந்த நாட்டில் முஸ்லிம்கள் மீது எத்தகைய சந்தேகப் பார்வை விழுந்தது என்பதை நாம் அறிவோம். அந்தச் சூழலில், 2002ஆம் ஆண்டுக்கு அந்தப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த புத்தகம் அல்குர்ஆன் பற்றியது.

மைக்கல் செல்ஸ் என்ற பேராசிரியர் 1999இல் வெளியிட்ட நூல் அது. மக்காவில் ஆரம்ப காலத்தில் அருளப்பட்ட சிறிய சூறாக்களின் ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கமும் அதில் உள்ளன. எமது பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவில் முதலில் மனனம் செய்கின்ற சூறாக்கள்தான் அவை. கிராஅத்தைக் காதால் கேட்டு அறிய ஓர் ஒலித்தட்டும் நூலோடு இணைக்கப்பட்டிருந்தது. முஸ்லிமல்லாத ஆயிரக்கணக்கான இளைஞர்களும் யுவதிகளும் அந்த விடுமுறையில் இதை வாசிக்கும்படி கேட்கப்பட்டார்கள்.

பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. ஒரு கிறிஸ்தவ அமைப்பு, அரச பல்கலைக்கழகம் ஒரு மதத்தைப் போதிக்கிறது என்று வழக்குத் தொடர்ந்தது. மாநிலச் சட்டசபையிலும் கண்டனக் குரல் எழுந்தது. வேறு சிலர், போர் பற்றிய வசனங்கள் இல்லாத பகுதியை மாத்திரம் எடுத்து இஸ்லாத்துக்கு நல்ல பெயர் தேடுகிறார்கள் என்று குறை கூறினார்கள்.

பல்கலைக்கழகம் பின்வாங்கவில்லை. ஒரு மதத்தை நம்பச் சொல்வது வேறு, அதைப் பற்றி அறியச் சொல்வது வேறு என்று நின்றது. அதேவேளை, மனம் ஒப்பாத எந்த மாணவருக்கும் வற்புறுத்தல் இல்லை என்றும் அறிவித்தது. வாசிக்க விரும்பாதவர், தாம் ஏன் வாசிக்கவில்லை என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு வரலாம். 2002 ஆகஸ்ட் நடுப்பகுதியில் சமஷ்டி நீதிமன்றம் தடையுத்தரவு வழங்க மறுத்தது. மேன்முறையீட்டிலும் அதே முடிவுதான். ஆகஸ்ட் 19ஆம் திகதி கலந்துரையாடல்கள் திட்டமிட்டபடி நடந்தன.

மறு வருடம், 2003இல், அவர்கள் தேர்ந்தெடுத்தது பாபரா எரன்ரைக் என்ற பெண் எழுத்தாளர், உணவகப் பணியாளராகவும் வீடு துப்புரவு செய்பவராகவும் குறைந்த சம்பளத்தில் தானே வேலை பார்த்து எழுதிய நூலை. அதற்கும் எதிர்ப்பு வந்தது. நல்ல புத்தகம் எப்போதும் யாராவது ஒருவரை அமைதி இழக்கச் செய்யும் போலும்.

மகிழ்ந்தால் மட்டும் போதுமா?

அல்குர்ஆனை அந்நிய நாட்டுப் பிள்ளைகள் வாசித்தார்கள் என்று கேட்கும்போது எமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. ஆனால், அந்த வழக்கின் மறுபக்கத்தில் நாம் நின்றிருந்தால் என்ன செய்திருப்போம்?

எமது மகளுக்கு அனுமதிக் கடிதம் வருகிறது. கூடவே, பௌத்தக் கிராமம் ஒன்றின் கதையையோ இந்துக் குடும்பம் ஒன்றின் கதையையோ வாசித்துவிட்டு வரவும் என்று ஒரு குறிப்பும் வருகிறது. சந்தோசமாக வாங்கிக் கொடுப்போமா? அல்லது, எங்களுடைய பிள்ளைக்கு மற்றவர்களின் கதை எதற்கு என்று முகம் சுளிப்போமா?

நான் நீண்ட காலம் தமிழ் ஆசிரியையாக இருந்தவள். வகுப்பறையில் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். ரியூசன் நோட்டை வரிக்கு வரி பாடமாக்கி மூன்று 'ஏ' எடுத்த பிள்ளைகள், பதினெட்டு வயது வரை ஒரு முழுக் கதைப் புத்தகத்தையும் வாசித்து முடிக்காமலே பாடசாலையை விட்டுப் போனதையும் கண்டிருக்கிறேன். ஒரு தாயிடம் இதைப் பற்றிச் சொன்னபோது, "என்னத்துக்கு டீச்சர் கதப் புத்தகம்? அவ பாஸாகிட்டாதானே" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கூலி வேலை செய்து மகளைப் படிக்க வைத்த தாய் அவர். பாஸாகுவதுதான் அந்த வீட்டின் ஒரே நம்பிக்கை.

ஆனால், பாஸான மகள் நாளை போய் நிற்கப் போகும் இடத்தை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களும், ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் நடந்த சம்பவமும் எமது ஊர்ப் பெயரை நாடு முழுவதும் எப்படிக் கொண்டு சென்றன என்பதை நாம் மறந்துவிடவில்லை. தெற்கிலோ மேற்கிலோ ஒரு விடுதி அறையில், "நீங்க எந்த ஊர்?" என்ற சாதாரணக் கேள்விக்குப் பதில் சொல்ல எமது பெண் பிள்ளை ஒரு கணம் தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தைப் போக்குவது புதிய ஹபாயாவோ பையோ அல்ல. அடுத்த கட்டிலில் இருப்பவளின் உலகத்தைப் பற்றி இவளுக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். இவளுடைய உலகத்தைப் பற்றி அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எமது நாட்டின் வரவேற்பு

புதிய மாணவரை வரவேற்பதற்கு எமது நாட்டில் என்னென்ன வழிகள் இருந்திருக்கின்றன?

ஒன்று, பகிடிவதை. 1997இல் பேராதனையில் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். மறு வருடம், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்த பிறகும் அந்தப் பயத்தோடுதான் பெற்றோர் பிள்ளையை அனுப்புகிறார்கள்.

இன்னொன்று, 2011இல் நடந்தது. அந்த வருடம் மே மாதத்தில் உயர்கல்வி அமைச்சு, பல்கலைக்கழகம் புகவிருந்த பிள்ளைகளைத் தலைமைத்துவப் பயிற்சி என்ற பெயரில் சுமார் மூன்று வாரங்களுக்கு இராணுவ முகாம்களுக்கு அழைத்தது. ஆண், பெண் இரு பாலாரும் போக வேண்டியிருந்தது. எதிர்ப்புத் தெரிவித்து நீதிமன்றத்துக்கும் போனார்கள். ஆனாலும் பயிற்சி நடந்தது.

பகிடிவதையில் மூத்தவர் சொல்வதைப் புதியவர் தலைகுனிந்து செய்ய வேண்டும். முகாமில் கட்டளைக்கு அடிபணிய வேண்டும். புத்தகம் வைத்து வரவேற்கும் இடத்தில் மட்டும்தான் புதியவரிடம், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கிறார்கள். முதல் நாளே அந்தக் கேள்வியை எதிர்கொள்ளும் பெண் பிள்ளை பிறகு நான்கு வருடமும் வாய் திறந்து பேசுவாள். இன்று எமது நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்களாக இருக்கும்போது இது சிறிய விடயமல்ல.

ஒலுவிலின் அனுபவம்

எமது காலடியிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. யுத்த நிலைமையால் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் மாணவர்கள் தொடர்ந்து படிக்க முடியாமற் போனபோது, 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. 1996இல் அது முழுமையான பல்கலைக்கழகமாயிற்று. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சியை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியாது. அட்டாளைச்சேனையில் தொடங்கிய அது பின்னர் ஒலுவிலில் நிலைபெற்றது.

பிரிவினால் பிறந்த அந்த நிறுவனத்தில் இன்று முஸ்லிம், தமிழ், சிங்களப் பிள்ளைகள் மூவரும் படிக்கிறார்கள். தெற்கிலிருந்து தாய் தந்தையைப் பிரிந்து வந்த சிங்களப் பெண் பிள்ளைகளை ஒலுவில் வீதியில் நாம் தினமும் காண்கிறோம். அவர்களுக்கு இங்கே நாம்தான் பெரும்பான்மை. எமது மகள் தெற்கில் எதை எதிர்பார்க்கிறாளோ அதை அந்தப் பிள்ளை எம்மிடம் எதிர்பார்க்கிறாள். ஒரே புத்தகத்தை மூன்று மொழியிலும் வாசித்துவிட்டு வந்து ஒரே அறையில் அமர்ந்து பேசுவதற்கு ஒலுவிலை விடப் பொருத்தமான இடம் இந்த நாட்டில் வேறில்லை என்பேன்.

எந்தப் புத்தகம்?

மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் எழுதிய 'கம்பெரலிய' என்ற சிங்கள நாவலை நான் முதலாவதாகச் சொல்வேன். தெற்கின் ஒரு கிராமத்துப் பெரிய வீடு மெல்லமெல்லச் சரிவதைக் கூறும் கதை. அந்த வீட்டு மகள் நந்தா. அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வரும் பியல் அவளை விரும்புகிறான். அந்தஸ்துப் போதாது என்று வீட்டார் மறுத்து ஜினதாசவுக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். செல்வம் கரைகிறது. அவன் தொழில் தேடித் தூரப் போகிறான். அதன் பிறகு நந்தாவின் வாழ்வு எப்படித் திரும்புகிறது என்பதை வாசித்தே அறிந்துகொள்ளுங்கள்.

இதைத் தமிழில் 'கிராமப் பிறழ்வு' என்று தந்தவர் யார் தெரியுமா? பாணந்துறையைச் சேர்ந்த முஸ்லிம் அறிஞர், பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்கள். இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வுக்குத் தன் வாழ்நாளைக் கொடுத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் அவர். அவரைத் தமிழ் படிக்கத் தூண்டியவர்களில் ஒருவர் எமது அயலூரான காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். காரைதீவு இந்துத் துறவி ஒருவர் ஊக்குவிக்க, பாணந்துறை முஸ்லிம் ஒருவர் தமிழ் கற்று, சிங்கள நாவலைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். ஒற்றுமை பற்றி மேடையில் பேசும் எத்தனையோ பேச்சுக்களை விட இந்த ஒரு செய்தி பெறுமதியானது. 'அப்ரூட்டட்' என்ற பெயரில் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. ஆங்கிலத்தில் படிக்கப் போகும் பிள்ளைக்குத் தெரிந்த கதையை ஆங்கிலத்தில் மீண்டும் வாசிப்பது மிகச் சிறந்த பயிற்சி.

எமது வீட்டு விறாந்தையில் ஒன்பது பிள்ளைகளோடு இதை வாசித்துப் பார்த்தோம். எல்லோரும் வளாகம் போகக் காத்திருந்தவர்கள். புத்தகம் இரண்டுதான் இருந்தது, கை மாறிக் கை மாறிப் போனது. முதல் நாள் யாரும் பேசவில்லை. இரண்டாம் முறை கூடியபோது நந்தாவின் தாயைப் பற்றிப் பேச்சு வந்தது. கல்நெஞ்சுக்காரி என்றார்கள் சிலர். அதுவரை வாயே திறக்காத மாளிகைக்காட்டுப் பிள்ளையொன்று, "அவக்கு பியல்ல கோவமில்ல. ஊரு என்ன சொல்லும் எண்டு பயம். எங்கட உம்மாமாரும் அப்பிடித்தானே" என்றது. பிறகு மஃரிப் அதான் சொல்லும் வரை பேச்சு நிற்கவில்லை. சிங்களக் கதை என்று தொடங்கிய பிள்ளைகள், தங்கள் சொந்த வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினார். அறையில் உடனிருப்பவர் காலிப் பிள்ளை. 'கம்பெரலிய' வாசித்திருக்கிறேன் என்று இவர் சொன்னதும் அந்தப் பிள்ளைக்கு நம்ப முடியவில்லையாம். அன்றிரவு இருவரும் நெடுநேரம் பேசினார்களாம். "மறுகா அவ கேட்டா டீச்சர், உங்கட ஆக்கள்ட கத ஒண்டு தாங்க, நானும் வாசிக்கிறன் எண்டு. என்ன குடுக்கிற எண்டு எனக்குத் தெரியல்ல."

அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை. கொடுப்பதற்கு எம்மிடம் இல்லாமலா? 1885இல் சித்தி லெப்பை எழுதிய 'அசன்பேயுடைய சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுகிறது. எமது பெண்களின் கல்விக்காகவும் பாடுபட்டவர் அவர். கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம்.ஏ. நுஃமானின் கவிதைகள் இருக்கின்றன. சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் எமது கிழக்கின் நாட்டார் பாடல்களைத் தொகுத்திருக்கிறார். தமிழ் தெரியாத அந்தக் காலிப் பிள்ளைக்கு இவற்றை அவளது மொழியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் உவைஸ்மார் எமக்கு இன்னும் பலர் வேண்டும். இரு மொழியும் கற்று வரும் எமது மகள்மாரில் ஒருத்தி ஏன் அந்தப் பணியைச் செய்யக் கூடாது?

நாமே தொடங்கலாம்

பல்கலைக்கழகங்கள் இதைச் செய்தால் மிக நல்லது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பெறுபேற்றுக்கும் பதிவுக்கும் இடையே மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக, பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கிறார்கள். மருதமுனை முதல் பொத்துவில் வரை எந்த ஊரிலும் பெண்கள் சேர்ந்து இதைத் தொடங்கலாம்.

1. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் போதும். கூட்டம் பெருகினால் பேசுபவர் சிலர், கேட்பவர் பலர் என்றாகிவிடும். ஊரில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தால் அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. ஒரே ஒரு புத்தகத்தைத் தெரிவு செய்யுங்கள். எமது கருத்தையே திருப்பிச் சொல்லும் நூலாக இல்லாமல், நாம் அறியாத ஒரு வீட்டுக்குள் அழைத்துச் செல்லும் நூலாக இருக்கட்டும். தெரிவு செய்யும் பெரியவர்கள் முதலில் முழுமையாக வாசித்துவிட வேண்டும்.

3. பொது நூலகத்தில் தேடுங்கள். இல்லையென்றால் வாங்கித் தரும்படி நூலகரிடம் எழுத்தில் கேளுங்கள். ஊர் நலன்புரிச் சங்கங்கள் புலமைப் பரிசிலோடு இந்தப் புத்தகத்தையும் கொடுக்கலாம். இதுவும் ஸதகா ஜாரியாதான்.

4. வாசிக்க ஒரு மாதம் கொடுங்கள். இரண்டு அமர்வு வையுங்கள். ஒவ்வொருவரும் மனதில் பதிந்த ஓர் இடத்தையும் விளங்காத ஓர் இடத்தையும் குறித்துக்கொண்டு வரட்டும். அதிலிருந்தே பேச்சுத் தொடங்கும்.

5. விரிவுரை வேண்டாம், புள்ளி வேண்டாம், முடிக்காத பிள்ளையை வெட்கப்படுத்த வேண்டாம். வாசிக்க மனமில்லாதவர், சப்பல் ஹில்லில் செய்ததைப் போல, ஏன் என்று ஒரு பக்கம் எழுதி வரட்டும். அந்தப் பக்கமும் பேசுவதற்குரியதே.

6. உம்மாவும் வாசிக்கட்டும். எழுத்துக் கூட்டி வாசிக்கின்றவராயின் மகள் இரவில் வாசித்துக் காட்டட்டும். வளாகத்தில் என்ன நடக்கிறது என்று மகள் மனம் திறந்து சொல்லும் பழக்கம் அங்கிருந்துதான் உருவாகும்.

வஹியின் முதற் சொல்லே ஓதும்படி ஏவுவதுதான். அந்தச் சொல்லைக் கொண்ட சூறாவும் 2002இல் அந்த அமெரிக்க மாணவர்கள் வாசித்த நூலில் இருந்தது. எமது வேதத்தைத் திறந்து பார்க்கும்படி அந்நியப் பிள்ளைகளிடம் கேட்ட பல்கலைக்கழகத்தின் துணிவை நாம் மெச்சுகிறோம். மற்றவருடைய கதையைத் திறந்து பார்க்க எமது மகளுக்கு இடம் கொடுக்கும் துணிவு எமக்கும் வேண்டும். அடுத்த பெறுபேறு வெளியாகுமுன் உங்கள் ஊரில் எந்தப் புத்தகம் என்று முடிவு செய்துவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தப் பையைக் கட்டும்போது வாளிக்கும் தலையணை உறைக்கும் முன்னதாக அதை எடுத்து வையுங்கள்.